தாத்தாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள்!

பேரனுக்குக் கல்யாணம். பாரிஸ் நகரத்தில் நடக்கப்போகிறது.

பையன் டிக்கெட் அனுப்பிவிட்டான். அப்பாவுக்கு ஒன்று. அம்மாவுக்கு ஒன்று. தங்கைக்கு ஒன்று.

தாத்தாவுக்கு?

தாத்தாவுக்கு டிக்கெட் இல்லை!

"அவருக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறது. பக்கத்தில் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவரை எப்படி விமானத்தில் ஏற்றுவது?" என்கிறார்கள்.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இது கற்பனை வீடுதான். ஆனால் வில்லியனூரிலோ பாகூரிலோ இப்படி ஒரு வீடு இருக்கிறது என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

புதுவைக்கும் பிரான்சு நாட்டுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் விட்டார்கள். 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி ஒப்பந்தம் முறைப்படி அமுலுக்கு வந்தது. விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. பல குடும்பங்கள் அப்படியே செய்தன. சொல்தா பென்ஷன் வாங்கிய வீடுகளும் உண்டு. அதனால்தான் இன்றும் பிள்ளை அங்கே, பெற்றவர் இங்கே!

ஆகவே கேள்வி முக்கியமானது. பிராணவாயு எந்திரம் வைத்திருப்பவர் விமானத்தில் போகலாமா?

போகலாம். டாக்டர் சம்மதித்தால் போகலாம். முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் போகலாம். ஏற்பாடு இல்லாமல் போகவே கூடாது.

ஏன் என்று பார்ப்போம்.

ஊட்டிக்கு மேலே!

நாம் மூச்சு விடும் காற்றில் 100-க்கு 21 பங்கு பிராணவாயு. இதைத்தான் ஆக்சிஜன் என்கிறோம். 78 பங்கு நைட்ரஜன். மற்றவை மிகக் கொஞ்சம்.

பாகூர் ஏரிக்கரையிலும் இதே கணக்குத்தான். இமயமலை உச்சியிலும் இதே கணக்குத்தான்.

பிறகு ஏன் மலையில் மூச்சு வாங்குகிறது?

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காற்று லேசாகிவிடுகிறது. நெஞ்சு நிறைய இழுத்தாலும் உள்ளே போகும் பிராணவாயு குறைவு.

பெரிய விமானங்கள் 35,000 அடி, 40,000 அடி உயரத்தில் பறக்கின்றன. அந்த உயரத்துக் காற்றை யாராலும் சுவாசித்துப் பிழைக்க முடியாது. அதனால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரையில் உள்ள அளவுக்கு நிரப்புவதில்லை. அதிகம் போனால் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போன்ற நிலையில் வைக்கிறார்கள்.

8,000 அடி என்றால் எவ்வளவு? ஊட்டி 7,300 அடிக்குச் சற்று மேல். தொட்டபெட்டா சிகரம் 8,600 அடிக்குச் சற்று மேல். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது போல!

அங்கே கிடைக்கும் பிராணவாயு, தரையில் 100-க்கு 15 பங்கு உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். 21 எங்கே? 15 எங்கே?

நல்ல உடம்புக்காரருக்கு இது தெரிவதில்லை. விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் கருவியை கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தரையில் 97, 98 என்று காட்டுகிறவருக்கு, விமானத்தில் 90-ஐ ஒட்டி இறங்குவது உண்டு. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

ஆனால் தரையிலேயே 90-ல் இருப்பவர்? அவருக்கு அதற்குக் கீழே இறங்க இடம் ஏது?

பீடிப் புகையாலும் விறகு அடுப்புப் புகையாலும் நுரையீரல் கெட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காச நோய் வந்து தீர்ந்தும் நெஞ்சு பலவீனமானவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குத்தான் விமானத்தில் கூடுதல் பிராணவாயு தேவைப்படுகிறது.

பலூனில் போன மூவர்

ஆகாயத்துக்குப் பிராணவாயுவைத் தூக்கிக்கொண்டு போவது புதிய சங்கதி அல்ல. விமானம் பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கிறது. அதுவும் பிரான்சு நாட்டில்!

1875-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி. பாரிஸ் நகரிலிருந்து "செனித்" என்ற பலூன் கிளம்பியது. அதில் மூன்று பேர். தீசாந்தியே, குரோசே ஸ்பினெல்லி, சிவெல் என்பது அவர்கள் பெயர்.

மூவரும் பைகளில் பிராணவாயு அடைத்து எடுத்துப் போனார்கள். குழாயும் இருந்தது. தேவைப்படும்போது வாயில் வைத்து இழுக்க வேண்டியதுதான்.

பலூன் ஏறியது. சுமார் 28,000 அடி வரை போய்விட்டது.

தீசாந்தியே குழாயை எடுக்க நினைத்தார். கை அசையவில்லை! நினைவு தப்பியது.

அவர் கண் விழித்தபோது மற்ற இருவரும் பிணமாகக் கிடந்தார்கள். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் காது செவிடாகிவிட்டது.

இதில் இன்னொரு சோகம் உண்டு. பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, உயரத்தில் மூச்சு முட்டுவது ஏன் என்பதை ஆராய்ந்தவர். அவர் அப்போது ஊரில் இல்லை. "நீங்கள் கொண்டுபோகும் பிராணவாயு போதாது" என்று எச்சரித்துக் கடிதம் எழுதினார்.

கடிதம் வந்து சேர்ந்தது. பலூன் போய்விட்டது!

பிராணவாயு பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் இரண்டு பேர் இறந்தார்கள். காரணம் என்ன? கணக்கு தப்பு. எச்சரிக்கை தாமதம். மூச்சு முட்டிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

இந்த மூன்று தப்பும் இன்றைக்கும் ஒரு குடும்பம் செய்யக்கூடிய தப்புகள்தான்.

சிலிண்டர் வேறு, எந்திரம் வேறு

"வீட்டில் சிலிண்டர் இருக்கிறது. அதைக் கையோடு கொண்டுபோனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

சொந்த சிலிண்டரைப் பல விமானக் கம்பெனிகள் அனுமதிப்பதே இல்லை.

ஏன்?

பிராணவாயு தானாக எரியாது. ஆனால் எரிகிற நெருப்பைப் பேயாட்டம் ஆட வைக்கும்.

1996-ம் ஆண்டு மே 11-ந் தேதி அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஒரு விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்தது. அதில் இருந்த 110 பேரும் மாண்டார்கள். விமானத்தின் சரக்கு அறையில் பிராணவாயு உண்டாக்கும் ரசாயனக் குப்பிகளைத் தவறாக ஏற்றியிருந்தார்கள். அவை சூடாகித் தீப்பற்றியதுதான் காரணம்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா நோயாளிகள் பிராணவாயு இல்லாமல் தவித்தார்கள். அப்போது விமானப் படை பெரிய விமானங்களில் டாங்கர்களை ஏற்றிப் பறந்தது. எப்படிப்பட்ட டாங்கர்? காலி டாங்கர்! காலியாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். நிரப்பிய டாங்கர்கள் ரெயிலிலும் ரோட்டிலும் வந்தன. அவ்வளவு அவசரத்திலும் நிரம்பிய டாங்கரை ஆகாயத்தில் தூக்கிப் போகவில்லை.

ஆகவே விமானக் கம்பெனிக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு.

ஆனால் கையில் தூக்கிப் போகும் சிறிய எந்திரம் வேறு சங்கதி. அதற்குள் பிராணவாயு அடைத்து வைக்கப்படவில்லை!

அது எப்படி வேலை செய்கிறது?

எந்திரத்துக்குள் "சியோலைட்" என்ற தாதுப்பொருள் சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது. எந்திரம் சுற்றியுள்ள காற்றை இழுத்து, அந்த மணிகளின் மேல் அழுத்துகிறது. மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கின்றன. பிராணவாயு வெளியே வருகிறது. பிறகு அழுத்தம் தளர்கிறது. மணிகள் பிடித்த நைட்ரஜனை விட்டுவிடுகின்றன. மறுபடியும் அதே வேலை.

அரிசியைப் புடைத்துக் கல்லையும் உமியையும் நீக்குகிற மாதிரி, காற்றைப் புடைத்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான்! இப்படி வரும் காற்றில் 100-க்கு சுமார் 90 பங்கு பிராணவாயு இருக்கும்.

ஆஸ்பத்திரிகளில் "கான்சன்ட்ரேட்டர்" என்று சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவில் 2005-ம் ஆண்டில் இந்தக் கை எந்திரத்தை விமானத்தில் உபயோகிக்க விதி செய்தார்கள். இப்போது நம் நாட்டு விமானங்களிலும், வெளிநாடு போகும் விமானங்களிலும் பல கம்பெனிகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் எந்த எந்திரமும் ஏறிவிடாது. விமானத்தில் உபயோகிக்கத் தகுந்தது என்று அதன் மேலோ, அதனுடன் வரும் புத்தகத்திலோ எழுதியிருக்க வேண்டும். வாங்கும்போதும், வாடகைக்கு எடுக்கும்போதும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டு எந்திரம் ஏறாது

கொரோனா காலத்தில் வந்த எந்திரங்கள் பெரியவை. அடியில் சக்கரம் இருக்கும். 15 கிலோவுக்கு மேல் கனக்கும். சுவரில் உள்ள பிளக்கில் மாட்டினால்தான் ஓடும். அவை விமானத்துக்கு உதவா.

கை எந்திரம் தோளில் மாட்டும் அளவு. 2 கிலோ முதல் 4 கிலோ வரை இருக்கும். பாட்டரியில் ஓடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெரிய எந்திரம் ஓயாமல் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். கை எந்திரங்கள் பெரும்பாலும் அப்படி விடா. நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் "புஸ்" என்று ஒரு வாய்க் காற்று விடும். பாட்டரி மிச்சமாவது அதனால்தான்.

"வீட்டில் 2-ம் நம்பரில் வைத்திருக்கிறோம். இதிலும் 2-ம் நம்பர் வைத்தால் சரி" என்று நினைக்காதீர்கள். அந்த 2 வேறு, இந்த 2 வேறு. எந்த நம்பர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தூங்கும்போது சிலர் மெதுவாக மூச்சு விடுவார்கள். வாயால் மூச்சு விடுவார்கள். அப்போது சில எந்திரங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். ஆகவே பயணத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே வீட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடந்து பார்க்க வேண்டும். தூங்கியும் பார்க்க வேண்டும்.

தலைக்கு மேலே முகமூடி

"விமானத்திலேயே தலைக்கு மேலே முகமூடி இருக்கிறதே! ஆபத்து என்றால் அது தானாக விழுமாமே!" என்பார் ஒருவர்.

உண்மை. விழும். ஆனால் அது நோயாளிக்காக வைத்தது அல்ல. விமானத்துக்குள் அழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால், விமானி கீழே இறக்கும் வரை தாக்குப் பிடிப்பதற்காக வைத்தது. பெரும்பாலான விமானங்களில் அது கால் மணி நேரம் போல்தான் வரும். அதை நம்பிப் பாரிசுக்குப் போக முடியாது.

விமானப் பணிப்பெண்களிடம் அவசரத்துக்குச் சில சிலிண்டர்கள் இருக்கும். அவையும் திடீர் ஆபத்துக்குத்தான்.

முதலில் டாக்டர்

டிக்கெட் வாங்குவதற்கு முன்பே நுரையீரல் டாக்டரைப் பாருங்கள். புதுவையில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

சில இடங்களில் ஒரு சோதனை செய்வார்கள். 100-க்கு 15 பங்கு பிராணவாயு உள்ள காற்றை 20 நிமிடம் சுவாசிக்கச் சொல்வார்கள். அதாவது தரையிலேயே விமானத்தைக் காட்டிவிடுவார்கள்! விரலில் கருவி மாட்டி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்து, எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்று சொல்வார்கள்.

"இப்போது போக வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், வேண்டாம்தான்! நெஞ்சில் சளியும் காய்ச்சலும் இருக்கும்போது போகக் கூடாது. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்தவர் ஆறும் வரை போகக் கூடாது. இதில் பிடிவாதம் உதவாது.

"போகலாம்" என்றால், ஆங்கிலத்தில் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன வியாதி, என்ன எந்திரம், எந்த நம்பர், பயணம் முழுவதும் வேண்டுமா, விமானத்தில் போகத் தகுதி உண்டா என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கடிதம் பழையதாக இருக்கக் கூடாது.

விமானக் கம்பெனிக்கு ஒரு மருத்துவப் படிவம் உண்டு. அதையும் டாக்டர் பூர்த்தி செய்ய வேண்டும். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே தெரிவித்தால் இன்னும் நல்லது. வழியில் இன்னொரு கம்பெனி விமானத்தில் மாறி ஏறுவதாக இருந்தால், அந்தக் கம்பெனிக்கும் தெரிவியுங்கள்.

பாட்டரிக் கணக்கு

பலூன்காரர்கள் தவறவிட்டது கணக்கைத்தான். நாம் தவறவிடக் கூடாது.

பல விமானக் கம்பெனிகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. பறக்கும் நேரம் எவ்வளவோ, அதோடு பாதியைக் கூட்டு. அவ்வளவு நேரத்துக்குப் பாட்டரி இருக்க வேண்டும்.

பறக்கும் நேரம் 10 மணி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 5. கூட்டினால் 15 மணி.

ஒரு பாட்டரி 4 மணி நேரம் வரும் என்றால், 4 பாட்டரி வேண்டும். 3 போதாது!

இதோடு முடிந்துவிட்டதா? இல்லை. வில்லியனூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே 3 மணி நேரம் காத்திருக்க வேண்டும். போய் இறங்கிய பிறகும் வீடு போய்ச் சேர வேண்டும். இந்த நேரங்களையும் கணக்கில் சேருங்கள். காரிலும் விமான நிலையத்திலும் பிளக் கிடைக்கும்போதெல்லாம் மாட்டிக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் பிளக் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

உபரி பாட்டரிகளைப் பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட வேண்டும். பாட்டரியின் மேல் "வாட் அவர்" என்று ஓர் எண் இருக்கும். அது 100-க்குள் இருந்தால் தொல்லை குறைவு. 100-க்கு மேல் 160 வரை என்றால் கம்பெனியின் அனுமதி வேண்டும். அப்படிப்பட்ட உபரி பாட்டரி 2-க்கு மேல் கொண்டுபோக முடியாது. 160-க்கு மேல் போனால் கைப்பையிலும் இடம் இல்லை.

எந்திரத்தை முன் ஆசனத்துக்கு அடியில் வைக்கலாம். அவசர வழி உள்ள வரிசையில் இடம் கேட்காதீர்கள். கொடுக்க மாட்டார்கள். மூக்கு காய்ந்தால் வாசலின் போன்ற எண்ணெய்க் களிம்பு தடவாதீர்கள். பிராணவாயுவும் அதுவும் சேரக் கூடாது.

கூடவே ஒருவர் போக வேண்டும். பாட்டரி மாற்றத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

மறைக்காதீர்கள்!

சிலர் தந்திரம் செய்யப் பார்ப்பார்கள். "எந்திரம் இருக்கிறது என்று சொன்னால் ஏற்ற மாட்டார்கள். மூன்று, நான்கு மணி நேரம்தானே? குழாயைக் கழற்றிவிட்டு ஏறிவிடலாம். மாமா தாங்கிக்கொள்வார்" என்பார்கள்.

வேண்டாம்! மாமா தாங்கிக்கொள்ள மாட்டார். பாதி வழியில் மூச்சு முட்டினால் விமானத்தை வேறு ஊரில் இறக்க வேண்டி வரும். அதற்குள் என்ன ஆகுமோ!

மறைப்பதற்கு இன்னொரு காரணம் வெட்கம். "நாலு பேர் பார்ப்பார்களே" என்ற கூச்சம்.

என்ன வெட்கம்? கண் தெரியாதவர் கண்ணாடி போடுகிறார். கால் நடுங்குகிறவர் கைத்தடி ஊன்றுகிறார். நெஞ்சு பலவீனமானவர் எந்திரம் வைத்திருக்கிறார்.

"எந்திரம் வைத்துவிட்டார்கள் என்றால் முடிந்தது" என்று ஊரில் சொல்கிறார்கள். அதுவும் தப்பு. 1980-ம் ஆண்டு அமெரிக்காவிலும், 1981-ம் ஆண்டு பிரிட்டனிலும் ஆராய்ச்சி முடிவுகள் வெளிவந்தன. நுரையீரல் நோயால் ரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தவர்களுக்கு, தினமும் 15 மணி நேரம் பிராணவாயு கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று தெரிந்தது. எந்திரம் வந்தது வாழ வைக்கத்தான்!

ராஞ்சியில் நடந்தது

எல்லா ஏற்பாடும் செய்த பிறகும் விமான நிலையத்தில் தடுத்தால்?

2022-ம் ஆண்டு மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் ஒரு சம்பவம் நடந்தது. மாற்றுத் திறனாளிச் சிறுவன் ஒருவனை விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பெற்றோரும் அவனோடு நின்றார்கள். கூட வந்த பயணிகளே அவர்களுக்காக வாதாடினார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது.

விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் விசாரித்தது. விமானக் கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

அதே ஆண்டு ஜூலை மாதம் விதியும் திருத்தப்பட்டது. உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஏற்ற மறுக்கக் கூடாது. பறந்தால் அவர் உடல்நிலை கெடும் என்று சந்தேகம் வந்தால், டாக்டரை வைத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் சொல்வதைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கவுண்டரில் இருப்பவர் தாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் டாக்டர் கடிதம் இருக்கட்டும். கம்பெனி அனுப்பிய சம்மதம் அச்சிட்டு இருக்கட்டும். குரலை உயர்த்த வேண்டியதில்லை. காகிதம் பேசும்!

இரண்டு யோசனைகள்

முதல் யோசனை விமானக் கம்பெனிகளுக்கு.

உங்கள் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதமாக இருக்கிறது. பாகூர் விவசாயி அதை எப்படிப் படிப்பார்? டாக்டர் எழுதும் பகுதி ஆங்கிலத்தில் இருக்கட்டும். குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதியைத் தமிழில் அச்சிடுங்கள். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே படிவம் இருந்தால் இன்னும் நல்லது. பாதுகாப்பு வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விதி புரியாததால் ஒரு கிழவர் வீட்டிலேயே கிடப்பது பாதுகாப்பு ஆகாது.

இரண்டாவது யோசனை புதுவை சர்க்காருக்கு.

கை எந்திரத்தின் விலை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு பயணத்துக்காக யார் வாங்குவார்கள்? பெரிய நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. கிராமத்து ஜனங்கள் எங்கே போவார்கள்?

வில்லியனூரிலும் பாகூரிலும் அரசு சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு கொம்யூனிலும் இரண்டு கை எந்திரங்களை வாங்கி வையுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, டாக்டர் சீட்டைப் பார்த்துக் கொடுங்கள். திரும்பி வந்ததும் வாங்கிச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுங்கள். விமானம் ஏறுகிறவருக்கு மட்டும் அல்ல, பஸ்சில் மகள் வீட்டுக்குப் போகிறவருக்கும் அது உதவும்.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. செத்தவரைக் கிடத்த ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது!

உயிரோடு இருப்பவருக்கு மூச்சு எந்திரம் வாடகைக்குக் கிடைக்க வேண்டாமா?

தாத்தாவிடம் கேளுங்கள்

கடைசியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை.

தாத்தா போகலாமா, கூடாதா என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். முதலில் அவரைக் கேளுங்கள். பிறகு டாக்டரைக் கேளுங்கள். பிறகு விமானக் கம்பெனியைக் கேளுங்கள்.

மூன்று பேரும் சரி என்றால், நான்காவது டிக்கெட்டையும் வாங்குங்கள்.

பால் பெர்ட் எழுதிய கடிதம் பலூன் போன பிறகு வந்தது. நீங்கள் எழுத வேண்டிய கடிதத்தை இன்றைக்கே எழுதிவிடுங்கள்!